தாமோதரன்: கயிறும் வயிறும் ஒரு பட்டப்பெயரும்

கேள்வி இதுதான்: பிறந்த பையனுக்கு மாமனாரின் பெயரான தாமோதரன் என்றே வைக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். பெயர்ப்பொருள் சொல்லும் ஓர் இணையதளத்தில் 'செல்வம் தருபவன்' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன்' என்று இருக்கிறது. கட்டுப்பட்ட பெயர் பிள்ளைக்கு ஆகாது என்று சித்தி பயமுறுத்துகிறார். எது சரி, வைக்கலாமா?

முதலில் நேரடிப் பதில். வயிற்றுக் கயிறுதான் சரி. செல்வத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. சித்தி சொல்வதில் பாதி உண்மை: கட்டுப்பட்ட பெயர்தான். ஆனால் கட்டியது யார், கட்டுண்டது யார் என்று பார்த்தால் அவரே மனசு மாறிவிடுவார் என்று நினைக்கிறேன்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். வடமொழியில் 'தாமன்' என்றால் கயிறு, மாலை. மாட்டைக் கட்டும் கயிறு முதல் கழுத்தில் போடும் பூச்சரம் வரை எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் வரும். 'உதரம்' என்றால் வயிறு. தொகைச்சொல்லில் 'தாமன்' தன் கடைசி மெய்யை விட்டு 'தாம' என்று நிற்கும். தாம + உதர என்று சேரும்போது அகரமும் உகரமும் கலந்து ஓகாரம் ஆகும், தாமோதர. ஞான + உதயம் ஞானோதயம் ஆவதுபோல. பொருள் 'கயிறும் வயிறும்' இல்லை, 'வயிற்றில் கயிறு உடையவன்'. நம் இலக்கணத்தில் அன்மொழித்தொகை என்று படித்திருப்பீர்களே, 'பொற்றொடி வந்தாள்' என்றால் தொடி வரவில்லை, தொடி அணிந்தவள் வந்தாள் என்று, அதே வகை.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. கங்காதரன், ஸ்ரீதரன், முரளிதரன், கிரிதரன் எல்லாம் '-தரன்' என்று முடிகின்றன. இவற்றில் வருவது 'தாங்குபவன்' என்ற பொருள் தரும் 'தர'. வடமொழியில் அது அழுத்தி, மூச்சு விட்டுச் சொல்லும் நான்காம் தகரம். தாமோதரனில் இருப்பது உதரத்தின் சாதாரண மூன்றாம் தகரம். வடமொழி எழுத்தில் இரண்டும் வேறு வேறு. நமக்கு ஒரே 'த'தான், அதனால் தாமோதரனையும் கங்காதரன் கூட்டத்தில் சேர்த்து 'தாமோ என்ற எதையோ தாங்குபவன்' என்று நினைக்கத் தோன்றும். ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் நடுவில் ஒரு 'எச்' போடுவதற்கும் இதுதான் காரணம். தமிழ் 'த'வுக்கு 'டிஎச்' என்று பழகிய கை அது. தப்பு என்று சண்டைக்கு வரமாட்டேன், ஆனால் மூலச்சொல்லில் அந்த மூச்சு இல்லை.

இந்த 'உதரம்' நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை. சகோதரன் என்பது சஹ + உதரம், ஒரே வயிற்றில் பிறந்தவன். லம்போதரன் என்றால் தொங்கும் வயிற்றுப் பிள்ளையார். பீமனுக்கு விருகோதரன் என்று பெயர். ஓநாய் வயிறன், எவ்வளவு போட்டாலும் செரிக்கும். மண்டோதரி மெல்லிய இடைக்காரி. உயிரியல் பாடத்தில் வரும் உதரவிதானமும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆக, தாமோதரன் என்பவன் சகோதரனுக்குச் சொல்வழியில் சொந்தக்காரன்.

'செல்வம் தருபவன்' எங்கிருந்து வந்தது? இந்தியில் 'தாம்' என்றால் விலை. அதைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் இருக்கும் 'தர'வைத் தமிழ்த் 'தருதல்' ஆக்கி யாரோ ஒட்டவைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த 'தாம்' கிரேக்கர்களின் திராக்மா நாணயத்திலிருந்து 'திரம்ம' என்று வழங்கி, தேய்ந்து வந்த சொல். கிரேக்கக் காசை யசோதையின் கயிற்றில் முடிச்சுப் போடுவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை.

சரி, கதைக்கு வருவோம். பெரும்பாலும் 'வெண்ணெய் திருடினான், கட்டிப்போட்டாள்' என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். பாகவதம் பத்தாம் ஸ்கந்தம் ஒன்பதாம் அத்தியாயத்தில் இது எவ்வளவு வீட்டுத்தனமாக நடக்கிறது என்று பாருங்கள். யசோதை தயிர் கடைந்துகொண்டிருக்கிறாள். பிள்ளை வந்து மத்தைப் பிடித்து நிறுத்திப் பால் கேட்கிறான். மடியில் போட்டுக் கொடுக்கிறாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறது. பிள்ளையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு ஓடுகிறாள். அவனுக்குக் கோபம். உதடு துடிக்க, பொய்க் கண்ணீரோடு, ஒரு கல்லை எடுத்துத் தயிர்ப்பானையை உடைக்கிறான். உள்ளே போய்க் கவிழ்த்து வைத்த உரல்மேல் ஏறி உட்கார்ந்து, வெண்ணெயைக் குரங்குக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறான். அவள் குச்சியோடு பின்னால் வருகிறாள். இவன் ஓடுகிறான். யோகிகள் மனத்தால் எட்டிப்பிடிக்க முடியாதவனை அவள் மூச்சிரைக்கத் துரத்திப் பிடிக்கிறாள். கண் மையெல்லாம் கையால் தேய்த்து முகம் பூராவும் அப்பி அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டுவிடுகிறாள். அடிக்க மனசு வரவில்லை, கட்டிப்போடலாம் என்று நினைக்கிறாள்.

கயிறு இரண்டு விரல் குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிகிறாள், அதுவும் இரண்டு விரல் குறைகிறது. வீட்டில் உள்ள கயிற்றையெல்லாம் முடிந்தும் அதே இரண்டு விரல்தான் குறைகிறது. சுற்றி நிற்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் அம்மாவின் உடம்பு வியர்த்து, கொண்டைப்பூ அவிழ்ந்து விழுவதைப் பார்த்து, இரக்கப்பட்டுத் தானே கட்டுப்பட்டான் என்கிறது பாகவதம். இரண்டு விரலுக்கு உரைகாரர்கள் சொல்லும் விளக்கம் பிரசித்தம்: ஒரு விரல் பக்தனின் உழைப்பு, மற்றொரு விரல் இறைவனின் கருணை, இரண்டும் சேராமல் முடிச்சு விழாது. இந்த விளக்கம் அழகுதான், ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தச் சிரிக்கும் பெண்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கண்ணனுக்கு முறைப்படி பெயர் வைத்தவர் கர்க முனிவர். கம்சனுக்குத் தெரியாமல் இருக்க, மாட்டுக்கொட்டிலில் ரகசியமாக நடந்த பெயர்சூட்டு அது. அங்கே தாமோதரன் என்ற பெயர் இல்லை. அப்படியானால் யார் வைத்தது? விஷ்ணுபுராணம் 'கயிற்றால் கட்டியதனால் தாமோதரன் ஆனான்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஹரிவம்சம் ஒரு படி மேலே போகிறது: 'கோஷ்டே தாமோதர இதி கோபீபி: பரிகீயதே'. ஆயர்சேரியில் பெண்கள் அவனைத் தாமோதரன் என்று பாடினார்கள். அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் வைத்த கேலிப்பெயர்! 'என்னடா, கயிற்றுவயிறா' என்று. நம் தெருவில் ஒருமுறை மாமரத்திலிருந்து விழுந்தவனுக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளுமே ஒரு பெயர், அந்த மாதிரி.

இதை மற்ற திருநாமங்களோடு வைத்துப் பாருங்கள். மதுசூதனன், மது என்ற அசுரனைக் கொன்றவன். முராரி, முரனுக்குப் பகைவன். திரிவிக்கிரமன், மூவடியால் உலகளந்தவன். கேசவனுக்குக்கூட கேசியைக் கொன்றவன் என்று ஒரு பொருள் உண்டு. எல்லாம் வெற்றிப் பட்டங்கள். தாமோதரன் மட்டும் தோற்ற கதை. அம்மாவிடம் மாட்டி, அடிக்குப் பயந்து அழுது, உரலில் கட்டிவைக்கப்பட்ட ஒரு பிற்பகலின் பெயர். அந்த உரலை இழுத்துக்கொண்டே தவழ்ந்து, இரட்டை மருதமரங்களுக்கு நடுவே புகுந்து, அவற்றைச் சாய்த்து, குபேரனின் பிள்ளைகள் இருவருக்கு நாரதர் கொடுத்த சாபத்தைத் தீர்த்ததும் அதே நாளில்தான். ஆனால் பெயர் அந்தச் சாகசத்தால் வரவில்லை. மரம் சாய்த்தவன் என்று வந்திருக்கலாம். கயிற்றுத் தழும்புதான் நின்றது.

இந்த இடத்தில் நம் ஆழ்வார்கள் அப்படியே உருகிப்போகிறார்கள். நம்மாழ்வார் திருவாய்மொழி 'பத்துடை அடியவர்க்கு எளியவன்' என்ற பாட்டில் கண்ணன் வெண்ணெய்க் களவில் அகப்பட்டதை நினைத்து, 'எத்திறம், உரலினோடு இணைந்திருந்து ஏங்கிய எளிவே' என்கிறார். இது என்ன மாதிரியான எளிமை, உரலோடு உரலாக உட்கார்ந்து ஏங்கினானே என்று. 'எத்திறம்' என்று சொன்னதும் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது வைணவ குருபரம்பரைச் செய்தி. வராகம், நரசிம்மம் எதற்கும் அவர் அப்படி விழவில்லை, இந்தக் கயிற்றுக்கு விழுந்தார். அவருடைய சீடர் மதுரகவி ஆழ்வார் பாடியது மொத்தம் பதினொரே பாட்டு. முழுக்க ஆசாரியனைப் பற்றியது. ஆனால் அதன் முதலடியே 'கண்ணிநுண் சிறுத்தாம்பினால் கட்டுண்ணப் பண்ணிய பெருமாயன்'. முடிச்சுகள் உள்ள, மெல்லிய, குட்டையான தாம்பு. ஒவ்வொரு அடைமொழியும் 'இது யானைக்கயிறு இல்லை' என்று சொல்வதுபோல இருக்கிறது. ஆண்டாள் திருப்பாவை ஐந்தாம் பாட்டில் 'தாயைக் குடல்விளக்கம் செய்த தாமோதரனை' என்கிறாள். பெற்ற வயிற்றை விளங்கவைத்தவன் என்று பொருள். பெயருக்குள்ளே உதரம் இருக்கிறது, அதற்கு முன்னாலேயே குடலைக் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் வயிற்றில் கட்டின தழும்பு அவள் வயிற்றுக்குப் பெருமை. எத்தனை மார்கழி பாடினாலும் இந்தச் சொல்லழகு சிலருக்குத்தான் காதில் விழுகிறது.

நம்மாழ்வார் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். கேசவன் முதல் தாமோதரன் வரை பன்னிரண்டு திருநாமங்களையும் ஒவ்வொரு பாட்டுக்கு ஒன்றாக வைத்துப் பாடிய பதிகம் 'கேசவன் தமர்'. அதில் தாமோதரன் பாட்டு வரும்போது, 'தாமோதரனை' என்று தொடங்கி அடுத்த அடியில் 'ஆமோ தரமறிய ஒருவர்க்கு' என்கிறார். அவன் தரம் எவ்வளவு என்று யாராலாவது அறிய முடியுமா? வடமொழிப் பெயரின் ஒலியை அப்படியே உடைத்துத் தமிழ் வாக்கியம் ஆக்கிவிட்டார். கயிறு இரண்டு விரல் குறைந்த கதையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் ஒரு சுற்று அதிகமாக இனிக்கும். யசோதையும் அன்று அளந்துதானே பார்த்தாள்.

சாத்திரக்காரர்களுக்கு இந்தச் சமையலறைக் கதை மட்டும் போதவில்லை. மகாபாரதம் உத்தியோக பர்வத்தில் சஞ்சயன் கண்ணனின் பெயர்களுக்குப் பொருள் சொல்லும்போது, 'தமம்' என்ற புலனடக்கத்தால் தாமோதரன் என்கிறான். விஷ்ணு சகஸ்ரநாமத்தில் இது 367ஆவது நாமம். அதற்குச் சங்கரர் பெயரில் உள்ள உரை மூன்று பொருள் தருகிறது: அடக்கம் முதலிய சாதனங்களால் அடையப்படுபவன், யசோதையால் வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன், 'தாம' எனப்படும் உலகங்களை வயிற்றில் வைத்திருப்பவன். பக்தர்கள் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டார்கள், வேதாந்திகள் மற்ற இரண்டையும். உலகத்தை வயிற்றில் வைத்தவனின் வயிற்றைச் சுற்றிக் கயிறு என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் இன்னும் ருசி. வேடிக்கை என்னவென்றால், அடுத்த நாமம் 368, 'ஸஹ:', அதாவது பொறுத்துக்கொள்பவன். கட்டினதையும் பொறுத்துக்கொண்டான்.

சித்தியின் பயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பது பற்றியே ஒரு பதிகம் பாடியவர் பெரியாழ்வார், 'காசும் கறையுடைக் கூறைக்கும்' என்று தொடங்குவது. காசுக்கும் கரைபோட்ட துணிக்கும் ஆசைப்பட்டு ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறீர்களே என்று திட்டுகிறார். (அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை.) அதற்குப் பதில் எந்தப் பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்று வரிசையாகச் சொல்லும்போது, ஒரு பாட்டில் 'சாடிறப் பாய்ந்த தலைவா, தாமோதரா' என்று வருகிறது. சகடத்தை உதைத்து முறித்ததும் உரலில் கட்டுண்டதும் ஒரே அடியில். பாட்டுதோறும் முடிவில் வரும் வாக்கு 'நாயகன் நாரணன் தம் அன்னை நரகம் புகாள்'. கவனியுங்கள், பலன் பிள்ளைக்குச் சொல்லவில்லை, பெற்றவளுக்குச் சொல்கிறார். கடவுள் பெயரை வைத்துவிட்டால், அடுப்படியிலிருந்து 'டேய் தாமோதரா, சாப்பிட வா' என்று நூறு தடவை கத்துவதும் கணக்கில் சேரும் என்பதுதான் ஏற்பாடு. சாகும் நேரத்தில் நாராயணன் என்ற பெயருள்ள மகனைக் கூப்பிட்டு அஜாமிளன் எமதூதர்களிடமிருந்து தப்பித்த கதையும் இதே கணக்குதான். ஆக, சித்தியிடம் பெரியாழ்வாரைச் சொல்லுங்கள். அவரைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

வழிபாட்டில் இந்தப் பெயர் எங்கே நிற்கிறது என்றால், கடைசியில். கேசவன் தொடங்கிப் பன்னிரண்டாவது. ஆசமனம் செய்பவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் உடம்பில் ஓரிடத்தைத் தொடுவார்கள். பத்மநாபனுக்கு நாபி, தாமோதரனுக்குத் தலை. வயிற்றுப் பெயர் தலைக்கு ஏறிவிட்டது! வைணவர்கள் பன்னிரு திருமண் இடும்போது பன்னிரண்டாவது பின்கழுத்தில் தாமோதரனுக்கு. மாதங்களுக்கும் இதே வரிசை: மார்கசீர்ஷம் கேசவனுக்கு என்று தொடங்கினால் சாந்திரமானக் (சந்திரனை வைத்துக் கணக்கிடும்) கார்த்திகம் தாமோதரனுக்கு வந்து முடியும். அதனால் வங்காள, ஒடிய வைணவர்கள் அந்த மாதத்தையே தாமோதர மாதம் என்பார்கள். நம் ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வரும். மாதம் முழுக்க மாலையில் நெய்விளக்கு ஏற்றி எட்டுப் பாட்டு உள்ள தாமோதராஷ்டகம் பாடுவார்கள். புரி ஜகந்நாதருக்குக் கார்த்திகத்தில் ராதா தாமோதர வேஷம் சாத்துவார்கள். பிருந்தாவனத்தில் ஜீவ கோஸ்வாமி நிறுவிய ராதா தாமோதரர் கோயில் இருக்கிறது. சைதன்யருக்குப் புரியில் நெருங்கிய துணையாக இருந்தவர் பெயரும் ஸ்வரூப தாமோதரர்.

நம் பக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த திருக்கண்ணங்குடியில் உற்சவர் தாமோதர நாராயணன், இடுப்பில் கைவைத்து நிற்பார். வசிஷ்டர் வெண்ணெயால் கண்ணன் உருவம் செய்து வழிபட, கண்ணனே சின்னப் பையனாக வந்து அந்த வெண்ணெயை எடுத்துத் தின்றுவிட்டு ஓடினான், மகிழ மரத்தடியில் தவம் செய்த ரிஷிகள் பக்தியால் அவனைக் கட்டிப்போட்டார்கள் என்பது தலக்கதை. கோகுலத்துக் கயிறு காவிரிக் கரைவரை நீண்டிருக்கிறது. உறங்காப்புளி, ஊறாக்கிணறு, காயாமகிழ், தேராவழக்கு என்று திருமங்கையாழ்வாரோடு சேர்த்துச் சொல்வார்களே, அந்த ஊர்தான் இது. சென்னையில் இருந்தால் அவ்வளவு தூரம் போகவேண்டாம். வில்லிவாக்கத்தில் சௌமிய தாமோதரப் பெருமாள் இருக்கிறார். காஞ்சிபுரம் பக்கம் தாமலிலும் தாமோதரப் பெருமாள் கோயில் உண்டு.

இதெல்லாம் பெருமாள் பெயர் என்றுதானே நினைக்கிறீர்கள்? கோவாவுக்குப் போனால் தலைகீழ். அங்கே ஜாம்பாவலியில் இருக்கும் தாமோதர் ஒரு சிவலிங்கம். போர்ச்சுக்கீசியர் காலத்தில் மட்காவ் ஊரிலிருந்து அங்கே கொண்டுபோன தெய்வம். பக்தர்கள் பிரியமாக 'தாம்பாப்' என்று கூப்பிடுவார்கள். கோவாக்காரர் ஒருவர் பெயர் தாமோதர் என்றால் அது அநேகமாக இந்தச் சிவனை நினைத்து வைத்ததுதான்.

இதைவிட விசித்திரம் காஷ்மீரில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய ராஜதரங்கிணியில் தாமோதரன் என்று ஓர் அரசன் வருகிறான். அவன் தகப்பனை பலராமன் போரில் கொல்ல, பழிவாங்கப் போன இவனைக் கண்ணனே கொன்றுவிடுகிறான். அப்புறம் கர்ப்பிணியாக இருந்த அவன் மனைவியை அரியணையில் உட்காரவைக்கிறான். அவள் பெயர் யசோவதி. ஒரு தாமோதரன் இன்னொரு தாமோதரனைக் கொன்று யசோவதிக்கு முடிசூட்டினான் என்று படித்தால் தலை சுற்றும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதி. இது ஏதோ பிற்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கிய பெயர் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், சங்க இலக்கியத்தைக் காட்டுங்கள். அங்கேயே இரண்டு தாமோதரனார்கள் இருக்கிறார்கள். ஒருவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். வைத்தியர். புறநானூற்று 60ஆம் பாட்டில், நள்ளிரவில் காட்டுவழியில் முழுநிலவைக் கண்டதும், சோழனின் வெண்கொற்றக்குடை நினைவுக்கு வந்து தானும் உடன்வந்த விறலியும் (ஆடிப்பாடும் பெண்) அதைக் கும்பிட்டதாகச் சொல்கிறார். அந்தச் சோழனை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா, உப்புவண்டி பள்ளத்தில் இறங்கினாலும் இழுத்து மேலே ஏற்றும் எருதுக்கு. மற்றவர் வடம வண்ணக்கன் தாமோதரனார். வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவர். பெயரில் காசு இல்லை என்று இவ்வளவு நேரம் வாதாடினேன், பெயர்க்காரர் தொழிலில் காசு வந்து உட்கார்ந்துகொண்டது! அவர் பாடிய குறுந்தொகை 85இல் ஓர் ஆண்குருவி சூல்முதிர்ந்த தன் பேடைக்குக் கூடுகட்ட, கரும்பின் மணமில்லாத வெள்ளைப் பூவைக் கோதி எடுக்கிறது. வீட்டுக் குருவியின் பிள்ளைப்பேற்று ஏற்பாட்டை இவ்வளவு பரிவோடு கவனித்தவர் பெயர் தாமோதரன் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அந்தப் பழைய தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி யார்? சி.வை. தாமோதரம்பிள்ளை. 1832இல் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர், 1901 புத்தாண்டு நாளில் மறைந்தார். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. அந்தக் கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர்களும் மாடுகளும் தாம்புகளும் நிறைந்திருப்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சைவர். பெயர் விஷ்ணுவுடையது. யாழ்ப்பாணத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அங்கே 'தாமோதரம்' என்று அம் விகுதியோடு வழங்கும், சுந்தரம், அருணாசலம் போல. ஆந்திரத்தில் இது குடும்பப் பெயராகக்கூட இருக்கிறது. 1960 முதல் 1962 வரை முதலமைச்சராக இருந்த தாமோதரம் சஞ்சீவய்யாவின் முன்பெயர் அதுதான்.

பெயர் பக்திப் பெயர் என்பதால் வைத்துக்கொண்டவர்கள் எல்லாம் ஒரே வார்ப்பு இல்லை. 1897இல் புனேயில் ராண்ட் என்ற வெள்ளை அதிகாரியைச் சுட்டுவிட்டு அடுத்த ஆண்டு தூக்கேறியவர் தாமோதர் ஹரி சாபேகர். கணிதமும் வரலாறும் இரண்டிலும் பெயர் பெற்ற மார்க்சிய அறிஞர் தாமோதர் தர்மானந்த கோசம்பி. 'பாட்டபாக்கி' நாடகம் எழுதிய கேரளக் கம்யூனிஸ்ட் கே. தாமோதரன். மராட்டி, குஜராத்தி வழக்கில் நடுப்பெயர் தகப்பன் பெயர் என்பதால் சாவர்க்கரின் பெயரில் தாமோதர் என்றும் மோடியின் பெயரில் தாமோதர்தாஸ் என்றும் அவர்களுடைய அப்பாக்களாக இது நிற்கிறது. ஜார்க்கண்டிலும் வங்காளத்திலும் ஓடும் தாமோதர் ஆறு வெள்ளத்தால் 'வங்காளத்தின் துயரம்' என்று பேரெடுத்தது. 1943 வெள்ளத்துக்குப் பிறகு யோசித்து, 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைத்து அணை போட்டார்கள். கட்டிப்போட வேண்டிய தாமோதர்தான் அதுவும்.

இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா என்று நீங்கள் யோசிக்கலாம். இப்போது வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரே மாதிரி இரண்டெழுத்துப் பெயர் இருக்கிறது. தாமோதரன் என்று கூப்பிட்டால் ஒரே ஒருவன்தான் திரும்புவான். நீளம் என்று நினைத்தால் 'தாமு' தயாராக இருக்கிறது. எங்கள் பெரியப்பாவை எண்பது வயதிலும் ஊரே தாமு என்றுதான் அழைத்தது. கேரளத்திலும் அதே சுருக்கம்தான். சிலர் நாகரிகமாக இருக்கட்டும் என்று 'தாமன்' என்று வெட்டி வைக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். வயிறு போய் வெறும் கயிறு மட்டும் மிஞ்சும். 'தாமோதர்' என்று வைத்தால் பொருள் கெடாது, வடக்கத்தி வாடை மட்டும் வரும்.

மாமனார் பெயர் என்பதால் உங்களுக்கு இன்னொரு சங்கடம் வரலாம், சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டார். பேரனுக்கு அதே பெயர் வைத்துவிட்டு ஆயுசுக்கும் 'தம்பி', 'ராஜா' என்றே கூப்பிட்ட அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்தால் பெரியாழ்வார் சொன்ன பலன் உங்களுக்குக் கிடைக்காது. மாமனாரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாய்நிறையக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, ஆங்கில எழுத்து. நடுவில் 'எச்' போடுவதா வேண்டாமா என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். நான் போடமாட்டேன், காரணம் மேலே சொன்னதுதான். ஆனால் மாமனாரின் சான்றிதழ்களில் 'எச்' இருந்தால் அதையே பின்பற்றுவதில் தப்பில்லை. பிறப்பைப் பதிவுசெய்திருந்தால், பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதனால் அவசரப்படத் தேவையில்லை. எழுதிக்கொடுக்கும் தாளில் ஒவ்வோர் எழுத்தையும் இடைவெளிவிட்டு எழுதிக் கொடுங்கள், தட்டச்சு ஆனதும் அச்சிடும் முன் திரையில் ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். எங்கள் பெரியப்பாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் 'எச்' இல்லை, ஓய்வூதியப் புத்தகத்தில் இரண்டு 'எச்'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவர் எத்தனை நடை நடந்தார் என்று எங்கள் பெரியம்மாவைக் கேட்டால் சொல்வார்.